பூச்சி தேடப் போகிறோம்

போன வாரம் காலை ஒன்பது மணி இருக்கும். விதைப்புக்கு முன்னால் கடைசி உழவு ஓட்ட வர்றேன்னு சொன்ன டிராக்டர்க்காரர் வரலையேன்னு வரப்பில் நின்னுக்கிட்டு இருந்தேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படிச்ச நண்பன் வீடியோ காலில் வந்தான். அவன் இருப்பது அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரத்துக்கு வெளியே. இங்கே காலை ஒன்பது என்றால் அங்கே முந்தின நாள் ராத்திரி எட்டரை.

கும்மிருட்டு. நெத்தியில் லைட் கட்டியிருந்தான். முதுகில் பை மாதிரி ஒன்று, அதுக்குள்ளே அவனோட நாலு வயசுப் பையன் உட்கார்ந்திருக்கான். சுத்தி ஆள் உயரக் கள்ளி. "என்னடா இந்நேரத்துல புள்ளையத் தூக்கிக்கிட்டு?"ன்னு கேட்டேன். "பாம்பு தேடுறோம்டா"ன்னான். அவன் வாயை மூடுறதுக்குள்ளே பையன் கத்தினான். போனைத் திருப்பிக் காட்டினான். பத்துப் பன்னிரண்டடி தள்ளி, மணல் நிறத்தில் ஒரு பாம்பு சுருண்டு கிடக்கு. வாலை மட்டும் தூக்கி வச்சு ஆட்டுது. போனிலேயே அந்தச் சத்தம் கேட்டது, காய்ஞ்ச நெத்துக்காயைக் குலுக்குற மாதிரி.

என் மனைவி பக்கத்தில் நின்னு பார்த்துக்கிட்டு இருந்தா. "உங்க சிநேகிதருக்கும் பைத்தியம், உங்களுக்கும் பைத்தியம்"னு சொல்லிட்டுப் போயிட்டா. அவள் சொன்னதில் பாதி உண்மை. ஏன்னா நாலரை வயசுப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு நானும் தினமும் சாயங்காலம் பாம்புதான் தேடுறேன்.

இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சதுதான். சிறு பிள்ளை இருக்கிற வீட்டில் பாம்பைத் தேடிப் போவது சரியா தப்பா? சரின்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா போன வருஷம் நடந்த ஒரு விஷயத்துக்கு அப்புறம், முன்னால் சொன்ன மாதிரி நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடியலை. ரெண்டையும் சொல்லிடுறேன்.

முதலில் நண்பன் கதை. அவன் இருப்பது சோனோரன் பாலைவனத்து ஓரம். அரிசோனாவில் மட்டும் 13 வகை கிலுகிலுப்பைப் பாம்பு இருக்காம். எல்லாம் விஷப் பாம்பு, நம்ம விரியன் குடும்பம்தான். வெயில் காலத்தில் பகல் சூடு தாங்காமல் பொந்திலும் பாறை இடுக்கிலும் கிடந்துட்டு, பொழுது சாய்ஞ்ச பிறகு வெளியே வரும். பகலெல்லாம் காய்ஞ்ச தார் ரோடு ராத்திரியிலும் கொஞ்ச நேரம் சூடா இருக்கும் பாருங்க, அதில் வந்து படுக்கும். அதனால் அங்கே பாம்பு பார்க்கிறவங்க காரை மெதுவா ஓட்டிக்கிட்டு ரோட்டைப் பார்த்துக்கிட்டே போவாங்களாம். பார்த்ததும் இறங்கி, தள்ளி நின்னு, படம் எடுத்துட்டு வந்துடுவாங்க. தொடுறது கிடையாது. நண்பன் முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போட்டிருப்பான். பையனை ஒரு நாளும் கீழே இறக்க மாட்டான்.

வாலில் இருக்கிற அந்தக் கிலுகிலுப்பை, நம்ம நகம் எதனால் ஆனதோ அதே பொருள்தான். ஒவ்வொரு தடவை சட்டை உரிக்கும்போதும் ஒரு கண்ணி கூடும். பிறந்த குட்டிக்கு ஒரே ஒரு பொத்தான் மாதிரி இருக்கும், ஆட்டினாலும் சத்தம் வராது. இன்னொரு கண்ணி சேர்ந்தால்தான் உரசிச் சத்தம் வரும். கண்ணியை எண்ணி வயசு சொல்லலாம்னு நினைச்சா அதுவும் முடியாது. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைகூட சட்டை உரிக்கும், நுனி உடைஞ்சும் போகும்.

அவன் சொன்னதில் எனக்கு மனசில் நின்னது வேற. இந்தப் பாம்பு முட்டை போடாது, குட்டிதான் போடும். போட்ட குட்டிகளை விட்டுட்டுப் போகாமல், அதுங்க முதல் சட்டை உரிக்கிற வரைக்கும் ஒரு வாரம் பத்து நாள் தாய் கூடவே கிடக்கும். "பாம்புகூட புள்ளையப் பார்த்துக்குதுடா"ன்னு சொல்லிச் சிரிச்சான்.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன்.

எங்களுடையது ராமநாதபுரம் மாவட்டத்து மானாவாரிக் காடு. மழை வந்தா முண்டு மிளகாய், இல்லைன்னா வேலிக்கருவை. பனை, ஊருணி, கரிமூட்டம், இதுதான் எங்க ஊர். இந்தக் காய்ஞ்ச மண்ணுக்குன்னே பிறந்தது சுருட்டை விரியன். நாகப்பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாட்டில் அதிகம் ஆளைக் கொல்லும் நாலில் இதுதான் சின்னது. ஒன்றரை அடி இருந்தாலே பெரிசு. அந்த அமெரிக்கப் பாம்புக்கு இது ஒன்னுவிட்ட தம்பி மாதிரி. இதுவும் குட்டிதான் போடும். மணலில் பக்கவாட்டில் ஒதுங்கி ஒதுங்கி ஓடும், சாய்வாகக் கோடு கோடாகத் தடம் விழும். அங்கேயும் மணலில் அப்படியே ஓடுற ஒரு வகை இருக்கு. வாலில் கிலுகிலுப்பைதான் இதுக்கு இல்லை. அதுக்குப் பதிலா உடம்பை எட்டு மாதிரி மடிச்சுக்கிட்டு, ரம்பப் பல் மாதிரி இருக்கிற விலாச் செதிலை ஒன்னோட ஒன்னு உரசும். சூடான தோசைக்கல்லில் தண்ணி தெளிச்சா வருமே, சர்ர்ர்னு, அந்தச் சத்தம். அது அதோட பாஷை. "கிட்ட வராதே"ங்குது. நமக்குத்தான் கேட்கிற பழக்கம் இல்லை.

சாயங்காலம் ஆறு ஆறரைக்கு நானும் பாப்பாவும் கிளம்புவோம். மதுரையில் தேடி அவள் காலுக்கு ஒரு கம்பூட் வாங்கினேன், மஞ்சள் கலர். அது போடாமல் வாசல் இறங்கக் கூடாது. அவள் கையில் சின்ன பேட்டரி லைட். என் கையில் பெரிய லைட், ஒரு கம்பு. நான் முன்னால், அவள் என் தடத்திலேயே பின்னால். மோட்டார் ரூம் கதவு இடுக்கு, விறகு அடுக்கு, துணி துவைக்கிற கல்லுக்கு அடி, கோழிக் கூடு, களத்தில் மடிச்சுப் போட்ட தார்ப்பாய், அடுக்கி வச்ச பனை ஓலை, கடைசியா வீட்டுக்குள்ளே பாய், கட்டில் அடி. மொத்தம் இருபது நிமிஷம்.

பத்து நாள் போனால் ஒரு நாள் பாம்பு கண்ணில் படும். அதிலும் பாதிக்கு மேல் சாரை, இல்லை பச்சைப் பாம்பு மாதிரி ஏதாவது. மத்த நாளெல்லாம் பல்லி, தேள், அரணை, தவளை, எலி வளை. ஆனா அதிலேயும் பாடம் இருக்கு. "அப்பா, இங்க நிறைய தவளை இருக்கு. அப்ப பூச்சி வரும்ல?"ன்னு ஒரு நாள் கேட்டா. நான் இதை அவளுக்குச் சொல்லித் தரலை. அவளே சேர்த்துப் பார்த்துக்கிட்டா.

எங்க வீட்டில் அதுக்குப் பேர் பூச்சிதான். இருட்டின பிறகு பாம்புன்னு பேரைச் சொல்லக் கூடாது, சொன்னா வந்துடும்னு எங்க அப்பத்தா சொல்லும். நீங்களும் கேட்டிருப்பீங்க. பேர் சொல்லாதே, பார்க்காதே, நினைக்காதே. இப்படித்தான் நாங்க எல்லாரும் வளர்ந்தோம். அப்படி வளர்ந்ததால் என்ன நடந்ததுன்னு சொல்றேன்.

எனக்கு ஏழு வயசு. அத்தை மகன் ஒன்பது வயசு. ஐப்பசி மாசம், நல்ல மழை. பட்டாசாலையில் வரிசையாப் பாய் விரிச்சுப் படுத்திருந்தோம், அவன் என் பக்கத்தில். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் வயித்து வலின்னு அழுதான். அம்மா ஓமத் தண்ணி காய்ச்சிக் கொடுத்தாங்க. உடம்பில் ஒரு காயம் இல்லை, ரத்தம் இல்லை. கொஞ்ச நேரத்தில் கண் இமை கீழே இறங்குச்சு. தூக்கக் கலக்கம்னு நினைச்சாங்க. அப்புறம் பேச்சு மூக்கால் வந்தது, எச்சில் முழுங்க முடியலை. அப்பத்தான் யாரோ பூச்சி தீண்டியிருக்கும்னாங்க. பக்கத்து ஊரில் மந்திரிக்கிறவர் வீட்டுக்குத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. அவர் மிளகு கொடுத்து உறைக்குதான்னு கேட்டார், வேப்பிலையால் இறக்கினார். விடியற நேரம் முதல் பஸ்ஸில் ஏத்தி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது மூச்சு இல்லை.

காலையில் பாயைச் சுருட்டும்போது அடியில் கிடந்தது. கட்டுவிரியன். கருப்பில் வெள்ளைக் கட்டு. அது தூங்குற ஆளைத்தான் அதிகம் கடிக்கும், கடிச்சது வலிக்காது, பல் தடமும் தெரியாது, வயித்து வலியும் இமை இறங்குறதும்தான் அடையாளம். இதெல்லாம் ரொம்ப வருஷம் கழிச்சுப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அன்னைக்கு எங்க வீட்டில் பதினாலு பேர் இருந்தோம். ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாருக்கும் பாம்புன்னா பயம் மட்டும் நல்லாத் தெரியும்.

அதுக்கப்புறம் எங்க ஐயா கண்ணில் பட்ட பாம்பையெல்லாம் அடிச்சார். சாரையை நல்லதுக்கு ஜோடின்னு அடிச்சார். கொம்பேறி மூக்கன் கடிச்சுட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகை வருதான்னு பார்க்கும்னு அதையும் அடிச்சார். சாரையும் நல்லதும் வேற வேற சாதிப் பாம்பு. கொம்பேறிக்கு ஆளைக் கொல்ற விஷமே கிடையாது. இருபது வருஷம் அடிச்சும் பாம்பு குறைஞ்ச மாதிரி தெரியலை. கூடினது எலிதான். குதிரில் நெல்லு பாதி போச்சு. எலி வளைதான் நாகத்துக்கு வாடகை இல்லாத வீடு, எலி இருக்கிற இடத்துக்கு அது வராமல் என்ன செய்யும்?

பயம் இருக்க வேண்டியதுதான். ஆனா கண்ணை மூடிக்கிற பயம் ஆளைக் காப்பாத்தாது. பயப்படுற விஷயம் எங்கே இருக்கும், எப்ப வரும், எப்படி இருக்கும்னு தெரிஞ்சு வச்சுக்கிறதுதான் காப்பாத்தும். அதனால்தான் பொண்ணு நடக்க ஆரம்பிச்ச நாளிலிருந்து தேடுறோம். பாம்பை ரசிக்கிறதுக்கு இல்லை. அவள் கால் வைக்கிறதுக்கு முன்னால் கண் வைக்கணும், அதுக்கு.

இதுவரைக்கும் நான் சொன்னது எனக்குச் சாதகமான பக்கம். இனிமே மத்தது.

போன வருஷம் மாசி மாசம், மிளகாய்ப் பழம் எடுத்துக் களத்தில் காயுது. பனிக்காக ராத்திரியில் தார்ப்பாய் போட்டு மூடுவோம். அன்னைக்குச் சாயங்காலம் வியாபாரி வந்திருந்தார். எடை, விலை, மூட்டைன்னு பேச்சு இழுத்துக்கிட்டே போச்சு. இருட்டிடுச்சு. தேடுற நேரம் தாண்டிடுச்சுங்கிறதே எனக்கு நினைவில்லை. பாப்பாவுக்கு இருந்தது.

களத்துப் பக்கமிருந்து குரல் கேட்டது. "அப்பா, பூச்சி இருக்கு. நான் மூணு அடி பின்னால வந்துட்டேன்."

ஓடினேன். சின்ன பேட்டரி லைட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. தார்ப்பாய் மடிப்பில் சுருட்டை, எட்டுப் போட்டு, சர்ர்ர்னு உரசிக்கிட்டு. ரெண்டு முழம் தூரம் இருக்கும். அவள் காலில் கம்பூட் இல்லை. செருப்புகூட இல்லை. வெறுங்கால். தூக்கி இடுப்பில் வச்சேன். அவளுக்கு ஒன்னும் தெரியலை, "நான்தான் முதல்ல பார்த்தேன்"னு சந்தோஷமாச் சொல்றா. என் கைதான் நடுங்குச்சு. வியாபாரி அப்புறம் என்ன விலை சொன்னார், நான் எதுக்குச் சரின்னேன்னு இன்னைக்கும் எனக்குத் தெளிவா இல்லை.

அந்தப் பாம்பை அன்னைக்கு அடிச்சேன். பொய் சொல்ல விரும்பலை. அடிச்சிருக்க வேண்டியதில்லை, தீயணைப்புக்காரங்களைக் கூப்பிட்டிருந்தால் வந்து பிடிச்சுக்கிட்டுப் போயிருப்பாங்க. கோபம் பாம்பு மேல் இல்லை.

ராத்திரி என் மனைவி சாப்பிடலை. ரொம்ப நேரம் கழிச்சுச் சொன்னா: "மூணு அடி பின்னால வந்ததாலதான் தப்பிச்சான்னு நீங்க நினைப்பீங்க. நீங்க தேடக் கத்துக்கொடுக்காம இருந்திருந்தா அவ அந்த இருட்டுல அங்க போயிருக்கவே மாட்டா."

பதில் சொல்ல முடியலை. ரெண்டும் உண்மை. பின்னால் போகத் தெரிஞ்சதால்தான் தப்பிச்சா. தேடத் தெரிஞ்சதால்தான் போனா.

ரொம்ப நாள் யோசிச்சேன். நான் சொல்லிக் கொடுத்த விதி எல்லாம் அவளுக்குத் தெரியும், கேட்டால் ஒப்பிப்பா. ஆனா நாலு வயசுப் பிள்ளைக்கு விதி தெரியிறது வேற, தனியா இருக்கும்போது அதைப் பிடிச்சு வச்சுக்கிறது வேற. நான் வாயால் சொன்னது "ஜாக்கிரதை". என் முகத்தில் அவள் பார்த்தது ஆசை. பாம்பைக் கண்டால் நான் "ஆகா, அங்க பாரு"ன்னு குரலை உசத்துவேன். கண்டுபிடிச்சா "எங்க தங்கம்"னு தட்டிக் கொடுப்பேன். அப்ப அவளுக்கு இது கண்டுபிடிச்சாப் பரிசு கிடைக்கிற விளையாட்டு. அந்தப் பரிசுக்குத்தான் தனியாப் போயிருக்கா.

நண்பன்கிட்ட போன வாரம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "நானும் பாம்பப் பார்த்தா கத்துவேன்டா, அவன் அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கான். இப்ப முதுகுல இருக்கான். அடுத்த வருஷம் இறங்கிடுவான்ல"ன்னான்.

எங்க வீட்டில் சில மாத்தம் செஞ்சோம். பேட்டரி லைட் ரெண்டும் இப்ப என் உயரத்துக்கு அடிச்ச ஆணியில் தொங்குது. பெரியவங்க இல்லாமல் அது இறங்காது. பாம்பைக் கண்டுபிடிச்சா பாராட்டு கிடையாது. கம்பூட் போட்டுக்கிட்டா பாராட்டு, கண்டதும் நின்னு கூப்பிட்டா பாராட்டு. நானும் குரலை உசத்துறதில்லை. கதவு பூட்டியிருக்கா, கேஸ் மூடியிருக்கான்னு பார்க்கிற மாதிரி இதையும் பார்க்கிறோம், அவ்வளவுதான். இப்ப அந்தச் சுத்துக்கு என் மனைவியும் வர்றா. அவளுக்குத்தான் கண் கூர்மைங்கிறது இப்பத்தான் எனக்குத் தெரியும்.

அடுத்து, கணக்கு. அமெரிக்காவில் வருஷத்துக்கு 7,000 முதல் 8,000 பேரை விஷப் பாம்பு கடிக்குது. சாகிறது சுமார் 5 பேர். நம்ம நாட்டில் 2000-லிருந்து 2019 வரைக்கும் பாம்புக்கடியில் செத்தவங்க சுமார் 12 லட்சம் பேர்னு 2020-ல் வந்த ஒரு ஆய்வு சொல்லுது. சராசரியா வருஷத்துக்கு 58,000. அதில் நாலில் ஒரு பங்குக்கு மேல் 15 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைங்க. ஜனத்தொகை நமக்கு நாலு மடங்குதான், சாவு அப்படியா இருக்கு?

அவங்க பாம்பு நல்ல பாம்பு, நம்ம பாம்பு கெட்ட பாம்புன்னு இல்லை. நண்பன் பூட்ஸ் போட்டுப் போறான், காரில் போறான், கட்டிலில் தூங்குறான், கதவு இடுக்கு இல்லாத வீட்டில் இருக்கான். நம்ம ஆள் வெறுங்காலில் வரப்பில் போறான், தரையில் தூங்குறான், ராத்திரி வெளிக்கு இருட்டில் போறான், கடிச்சா முதலில் மந்திரிக்கப் போறான். அவனுக்குப் பாம்பு தேடுறது பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற பாதுகாப்பில் பாதிகூட நம்ம ஊரில் வேலைக்குப் போற ஆளுக்குக் கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நமக்குப் பரவாயில்லை. அங்கே விஷமுறிவு மருந்து ஒரு குப்பியே ஆயிரக்கணக்கான டாலர். இங்கே அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். நாலு பாம்புக்கும் ஒரே மருந்து, எந்தப் பாம்புன்னு தெரியாட்டியும் போடலாம். பாம்பை அடிச்சுப் பையில் போட்டுக்கிட்டுப் போய் நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. அந்த மருந்துக்கு விஷம் எடுக்கிற பெரிய இடம் சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கு. 1978-ல் தொடங்கின இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அந்த மக்களில் வடிவேல் கோபால், மாசி சடையன்னு ரெண்டு பேருக்கு 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. இந்த ரெண்டு பேரையும் 2017-ல் ஃபுளோரிடாவுக்குக் கூப்பிட்டுக்கிட்டுப் போய், அங்கே பெருகிப் போன மலைப்பாம்பைத் தேடிப் பிடிக்க வச்சாங்க. பாம்பைத் தேடத் தெரிஞ்ச கண்ணுக்கு உலகத்தில் மதிப்பு இருக்கு. அதே கண்ணு நம்ம வீட்டுப் பிள்ளைக்கும் கொஞ்சம் வேணும்கிறேன்.

பிள்ளை வச்சிருக்கிறவங்க ஒன்னு தெரிஞ்சுக்கணும். விஷமுறிவு மருந்து பிள்ளைக்கும் பெரிய ஆளுக்கும் ஒரே அளவுதான். பாம்பு சின்னப் பிள்ளைன்னு பார்த்துக் குறைச்சு விஷம் விடாது. அந்தச் சின்ன உடம்பில் அதே விஷம். அதனால் நேரம்தான் எல்லாம். கட்டுப் போடாதீங்க, கீறாதீங்க, வாய் வச்சு உறிஞ்சாதீங்க. கடிபட்ட கையையோ காலையோ ஆடாமல் வச்சு, நடக்க விடாமல் தூக்கி, 108-க்குக் கூப்பிடுங்க, இல்லை கிடைக்கிற வண்டியில் போங்க. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிஷம் ஆடாமல் வச்சு, உறையுதான்னு பார்ப்பாங்க. ரத்தத்தைக் கெடுக்கிற விரியன் விஷத்துக்கு அந்தச் சின்னப் பரிசோதனைதான் சாட்சி. "சும்மா உட்கார வச்சிருக்காங்க"ன்னு சண்டை போடாதீங்க.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்னு அறிவிச்சது. இனி ஆஸ்பத்திரிக்கு வர்ற ஒவ்வொரு கடியும் கணக்கில் வரும். என் அத்தை மகன் சாவு எந்தக் கணக்கிலும் இல்லை. இனிமே அப்படிப் போகாதுன்னு நம்புறேன்.

கடைசியா, நகரத்தில் இருக்கிற உங்களுக்கு.

லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வர்றீங்க. ரெண்டு மாதிரி ஆளைப் பார்க்கிறேன். ஒருத்தர் வாசலிலேயே நின்னு "இங்க பாம்பு இருக்குமா? ஐயோ, பாப்பா, கீழே இறங்காதே"ன்னு நாலு நாளும் பிள்ளையைக் கட்டிலில் உட்கார வச்சுக் கையில் போனைக் கொடுத்துடுறார். இன்னொருத்தர் "பாம்பு ஒன்னும் செய்யாது, நாம தொந்தரவு செய்யாட்டி அது நம்மளத் தொடாது"ன்னு சொல்லிப் பிள்ளையை வெறுங்காலில் களத்தில் ஓட விடுறார். தூக்கத்தில் கிடந்த என் அத்தை மகன் எந்தப் பாம்பைத் தொந்தரவு செஞ்சான்? ரெண்டு பேரும் செய்யாதது ஒன்னுதான், குனிஞ்சு பார்க்கிறது.

வரும்போது பிள்ளைக்கு மூடின செருப்போ பூட்ஸோ கொண்டு வாங்க. ராத்திரி கொசுவலை கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் சொருகித் தூங்க வைங்க. அது கொசுவோடு கட்டுவிரியனையும் தடுக்கும். ஊரில் இருக்கிற அம்மா அப்பாவுக்குப் பெரிய டிவி வாங்கிக் கொடுக்கிறதுக்கு முன்னால், கொல்லைக்குப் போற வழியில் ஒரு லைட்டும் ரெண்டு நல்ல பேட்டரி லைட்டும் வாங்கிக் கொடுங்க. சாயங்காலம் பிள்ளையைக் கையில் பிடிச்சுக்கிட்டு ஒரு சுத்து வாங்க. பிள்ளை பின்னால், நீங்க முன்னால். எதைக் கண்டாலும் கத்தாதீங்க, அது பயத்தில் கத்துறதா இருந்தாலும் சரி, சந்தோஷத்தில் கத்துறதா இருந்தாலும் சரி.

நேத்து ராத்திரி ஒரு தூறல் போட்டது. விறகு அடுக்குப் பக்கம் தவளைச் சத்தம் தாங்கலை. இன்னைக்குச் சாயங்காலம் மூணு பேரும் ரொம்ப கவனமாச் சுத்தி வந்தோம். ரெண்டு தேள், ஒரு அரணை, அவ்வளவுதான். பாப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாத்தம், முகத்தில் தெரிஞ்சது. எனக்கு நிம்மதி. அதை நானும் முகத்தில் காட்டிக்கலை. லைட்டை வாங்கி ஆணியில் மாட்டினேன்.